ஐம்பது வயதுக்கு மேல் பைப் ஆர்கன்: இங்கிலாந்தில் கற்கத் தொடங்குபவர்களுக்கு

52 வயதில் பைப் ஆர்கன், அதாவது சர்ச்களில் காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் ஆர்கன், கற்கத் தொடங்கினேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம், இப்போது இருப்பது தெற்கு லண்டன். சின்ன வயதில் ஆர்மோனியம், கல்லூரி நாட்களில் சபையில் கீபோர்டு, அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று இருபது வருடத்துக்கு மேல் எதையும் தொடவில்லை. திரும்பத் தொடங்கியபோது முதல் ஒரு வருடமும் ஏறக்குறைய 600 பவுண்டும் வீணாகப் போயின. வீட்டுக்கு ஆர்கன் வாங்குவது, பிறகு ஆசிரியர், கடைசியில் பழக ஒரு சர்ச் என்று வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததுதான் காரணம். முதலில் சர்ச் சாவி, அடுத்து ஆசிரியர், அப்புறம் ஷூவும் மூக்குக் கண்ணாடியும், வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை யாராவது அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். ஊரில் ஆர்மோனியமோ கீபோர்டோ வாசித்துவிட்டு இங்கே வந்தவர்கள் இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கிறிஸ்தவராக இருந்தால்தான் கற்க முடியும் என்று இல்லை. என் ஆசிரியரிடம் வரும் இன்னொருவர் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பாக் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் இசையை வாசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் வருகிறார். எந்த சர்ச்சிலும் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

1. உங்கள் கை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் இசைக் குறிப்பு, வாசிக்கத் தெரிய வேண்டும், ட்ரெபிள், பேஸ் என்ற இரண்டு கிளெஃபிலும். பல ஆசிரியர்கள் பியானோவில் கிரேடு 5 (பரீட்சையின் எட்டுப் படியில் ஐந்தாவது) அளவுக்காவது கை ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சான்றிதழ் கேட்க மாட்டார்கள், ஒரு பாட்டை முன்னால் வைத்து வாசிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த அளவு இல்லையென்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ பியானோ வகுப்புக்குப் போய்விட்டு வாருங்கள். ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நோட் படிக்கப் பழகுவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

நம்மவர்களுக்கு என்று இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று ஆர்மோனியம்: இடது கை துருத்தி போட்டே வளர்ந்தது, வாசித்ததெல்லாம் வலது கை. ஆர்கனில் இடது கைக்குத் தனியாக ஒரு குரல் உண்டு, காலுக்கு இன்னொரு குரல் உண்டு. இரண்டாவது, கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன். பாட்டு எந்த சுருதியில் இருந்தாலும் சி மேஜரில் கை வைத்துவிட்டு பட்டனால் ஸ்கேலை ஏற்றி இறக்கும் பழக்கம் ஊர்ச் சபைகளில் சகஜம், நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் வாசித்தேன். பழைய பைப் ஆர்கனில் அந்தப் பட்டன் கிடையாது. பாட்டுப் புத்தகத்தில் ஈ ஃபிளாட் என்று இருந்தால் ஈ ஃபிளாட்டில்தான் வாசிக்க வேண்டும். ஆகவே இன்றைக்கே வீட்டுக் கீபோர்டில் அந்தப் பட்டனை மறந்துவிட்டு நான்கு ஷார்ப், நான்கு ஃபிளாட் வரைக்கும் ஸ்கேல்களைப் பழகத் தொடங்குங்கள். சர்ச் கிடைக்கும் வரை காத்திருக்கும் நாட்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

இன்னொன்று: ஆர்கனில் விரலை எடுத்த நொடி ஒலி நின்றுவிடும். சஸ்டெயின் பெடல் இல்லை. ஓங்கி அடித்தாலும் மெல்ல அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். இதனால் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே விரலை மாற்றும் வித்தை தேவைப்படும். அதையும் வீட்டிலேயே, சஸ்டெயின் பெடலைக் கழற்றி வைத்துவிட்டுப் பழகலாம்.

2. பக்கத்தில் இருக்கும் ஆர்கன்களைத் தேடுங்கள்

நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது, சுருக்கமாக என்பிஓஆர் என்பார்கள். இணையத்தில் இலவசம். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் அங்கே எந்த சர்ச்சில் என்ன ஆர்கன், எத்தனை கீபோர்டு வரிசை, காலால் வாசிக்கும் பெடலில் எத்தனை கட்டை, என்னென்ன ஸ்டாப் (இழுத்தால் ஒரு வகைக் குழாய்களை ஒலிக்க வைக்கும் பிடி) என்று வரும். ஆனால் பல பதிவுகள் பழையவை. பட்டியலில் இருந்த ஆர்கன் இன்று ஊமையாக இருக்கலாம், அல்லது கழற்றி விற்றிருக்கலாம். நான் எழுதிவைத்துக்கொண்டு போன ஐந்து சர்ச்சில் ஒன்றில் டிஜிட்டல் ஆர்கன் நின்றது, இன்னொன்றில் கட்டடமே குடியிருப்பு வீடுகளாக மாறியிருந்தது.

ஆகவே ஆறேழு சர்ச்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். பெரிய கதீட்ரல் ஆர்கனைத் தேடாதீர்கள், அங்கே புதியவர்களுக்கு நேரம் கிடைப்பது அரிது. கற்கத் தேவையானது சின்னதுதான்: கைக்கு இரண்டு கீபோர்டு வரிசை, காலுக்கு 30 கட்டை கொண்ட முழுப் பெடல் வரிசை, பெடலில் பூர்டன் 16 என்ற ஸ்டாப் ஒன்று. பல கிராமத்து சர்ச்களில் பெடலுக்கு அந்த ஒரே ஸ்டாப்தான் இருக்கும், அது போதும், கை வரிசையின் ஸ்டாப்களைக் கப்ளர் என்ற இணைப்பைப் போட்டுக் காலுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்டாப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அடிக்கணக்கு. 8 என்றால் பியானோவின் அதே சுருதி, 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே, 2 என்றால் இரண்டு ஸ்தாயி மேலே, 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே.

3. சாவி கேட்பது

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள், கேட்கவே கூச்சம். உண்மையில் பல சின்ன சபைகளில் ஆர்கன் வாசிக்க ஆளில்லை. கற்க ஆசைப்படும் ஒருவர் கதவைத் தட்டுவது அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

சர்ச் ஆஃப் இங்கிலாந்து சபை என்றால் முடிவு விகார் எனப்படும் போதகரிடமும் பிசிசி எனப்படும் சபைக் கமிட்டியிடமும் இருக்கும். விகார் மாற்றலாகிப் போய் இடம் காலியாக இருந்தால் சபைப் பொறுப்பாளர்களான சர்ச்வார்டன்களிடம் கேளுங்கள். ஆனால் எல்லோருக்கும் முன்னால் அங்கே ஆர்கன் வாசிப்பவரிடம் பேசுங்கள். அவரைத் தாண்டிக்கொண்டு விகாரிடம் போனால் நல்லபடியாக முடியாது, எனக்கு ஒரு சபையில் அப்படித்தான் கதவு அடைபட்டது. ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக்குப் போகும்போது அவர் கடைசி இசையை வாசித்துக்கொண்டிருப்பார். அது முடியும்வரை பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். முடித்துவிட்டு அவர் ஸ்டாப்களை உள்ளே தள்ளும்போது, இந்த பூர்டன் எப்படி ஒலிக்கும் என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும். நான் அப்படிக் கேட்டவுடனே என்னை உட்கார வைத்தார் ஒருவர். பெடலில் மிகக் கீழே ஒலிக்கும் சி கட்டையைக் காலால் அழுத்தச் சொன்னார். ஒலி காதுக்கு வரும் முன்னால் பெஞ்ச் அதிர்ந்தது. அந்த சபையில்தான் மூன்று வருடமாகப் பழகுகிறேன்.

அடுத்து ஒரு சின்னக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். நான் எழுதியதில் இருந்தவை இவ்வளவுதான்: என் பெயர், எங்கே குடியிருக்கிறேன், எத்தனை வருடம் கீபோர்டு வாசித்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம், செவ்வாய் அல்லது வியாழன் காலை, சர்ச்சில் வேறு வேலை இல்லாதபோது பழக அனுமதி வேண்டும். மின்சாரத்துக்கு நீங்கள் சொல்லும் தொகையைத் தருகிறேன். இறுதிச் சடங்கோ வேறு நிகழ்ச்சியோ வந்தால் விட்டுக்கொடுத்துவிடுவேன். என்னைத் தெரிந்த இரண்டு பேரின் தொலைபேசி எண். கடைசியில், கற்று முடித்ததும் அவசரத்துக்கு ஆளில்லாத ஞாயிறுகளில் உதவத் தயார் என்று ஒரு வரி. மனதில் இருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள், ஏனென்றால் நிஜமாகவே கூப்பிடுவார்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும் வரையும், ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்திலும் எந்த ஆர்கனிஸ்டுக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஆகஸ்டில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஜனவரி கடைசி, ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்கள், செப்டம்பர், இவை நல்ல நேரம். பிசிசி கூட்டத்தில் வைத்துத்தான் சொல்வோம் என்றால் ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்குள் இன்னொரு சர்ச்சிலும் கேட்டு வையுங்கள்.

கட்டணம்: சில சபைகள் ஒன்றும் வாங்குவதில்லை, சில மணிக்கு 5 பவுண்ட், 10 பவுண்ட் என்று கேட்கின்றன. எனக்கு மணிக்கு 5. அது சூடு போடாத கட்டடத்துக்கான விலை. குளிர்காலத்தில் ஹீட்டிங் வேண்டும் என்றால் எங்கேயும் விலை எகிறும். விரல் நுனி வெட்டிய கையுறை வாங்கிக்கொள்ளுங்கள், கம்பளி உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணம்: தனியாகப் பழகும் பெரியவருக்குப் பொதுவாக டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை தேவையில்லை. ஆனால் சாவி கொடுக்கும் முன் சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை சேஃப்கார்டிங் (குழந்தைகளையும் பலவீனமானவர்களையும் பாதுகாப்பது) பயிற்சியை முடிக்கச் சொல்லும் சபைகள் உண்டு. இணையத்தில் இலவசம், ஒரு மாலையில் முடித்துவிடலாம், சான்றிதழை அச்செடுத்துக் கையில் வையுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குழந்தைகள் கொயரோடு வாசிக்கும் நிலை வந்தால் அப்போது டிபிஎஸ் வரும். அதற்குக் கடந்த 5 வருடத்தில் குடியிருந்த எல்லா முகவரிகளும் தேதியோடு வேண்டும், ஊரில் இருந்த நாட்களையும் சேர்த்து. பாஸ்போர்ட், மூன்று மாதத்துக்குள் வந்த வங்கி ஸ்டேட்மென்ட் அல்லது கரண்ட், கேஸ் பில், 12 மாதத்துக்குள் வந்த கவுன்சில் டாக்ஸ் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மொபைல் போன் பில் செல்லாது. என் சபையில் வங்கி ஸ்டேட்மென்ட்டை இணையத்தில் இருந்து அச்செடுத்துக் கொண்டுபோனதை ஏற்கவில்லை, வங்கியில் சொல்லித் தபாலில் வரவழைக்க இரண்டு வாரம் ஆனது. சம்பளம் இல்லாத தன்னார்வலர் என்றால் டிபிஎஸ் கட்டணம் கிடையாது. கடந்த ஐந்து வருடத்தில் இந்தியாவில் கொஞ்ச காலம் இருந்திருந்தால் அங்கிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்கலாம், அதற்குப் பல வாரம் ஆகும், முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாவி கிடைத்த முதல் நாளே மூன்று விஷயத்தைக் காட்டச் சொல்லுங்கள்: அலாரத்தை எப்படி அணைப்பது, ப்ளோயர் ஸ்விட்ச் எங்கே, சுருதி சேர்க்க வரும் ட்யூனருக்கு எழுதிவைக்கும் நோட்டு எங்கே. ப்ளோயர் என்பது குழாய்களுக்குக் காற்று அனுப்பும் மோட்டார். போட்டவுடன் வாசிக்காதீர்கள், காற்று நிறைய அரை நிமிடம் விடுங்கள். அணைக்காமல் வீட்டுக்குப் போனால் இரவெல்லாம் ஓடி, மறுநாள் உங்கள் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள். சில நாள் கட்டையில் இருந்து கையை எடுத்த பிறகும் ஒரு குழாய் தானாக ஊதிக்கொண்டே இருக்கும், இங்கே அதை சைஃபர் என்பார்கள். பதற வேண்டாம். அந்தக் கட்டையை இரண்டு மூன்று முறை தட்டிப் பாருங்கள், அடங்காவிட்டால் அந்த ஸ்டாப்பை உள்ளே தள்ளிவிடுங்கள். தேதி, ஸ்டாப் பெயர், எந்த நோட் என்று ட்யூனர் நோட்டில் எழுதுங்கள். உள்ளே ஏறிக் குழாயைத் தொடாதீர்கள், தகரமும் ஈயமும் கலந்த மெல்லிய உலோகம், விரல் பட்டாலே வளையும்.

4. ஆசிரியர்

ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் அங்கீகரித்த ஆசிரியர்களின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது. அதுபோக ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆர்கனிஸ்ட்ஸ் அசோசியேஷன் ஒன்று இருக்கும். அதில் சேருங்கள், வருடச் சந்தா அதிகம் இருக்காது. அங்கே வருபவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், ஒரு சனிக்கிழமை மூன்று சர்ச் ஏறி இறங்கி எல்லோரையும் வாசிக்க விடுவார்கள். கற்பவர்களுக்கு உதவித்தொகை தரும் அசோசியேஷன்களும் உண்டு, வயது வரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஆசிரியர் 45 நிமிடத்துக்கு 30 பவுண்ட் வாங்குகிறார். லண்டனில் மணிக்கு 60 கேட்பவர்களும் உண்டு. வகுப்பு நடக்கும் சர்ச்சுக்குத் தனியாக வாடகை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், எனக்கு முதலில் கிடைத்த ஆசிரியர் அதைச் சொல்லவில்லை, மூன்றாவது மாதம் பில்லில் வந்தது. வாரம் ஒரு வகுப்பு வேண்டாம், வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். நடுவில் பழக நான்கு மணி நேரமாவது கிடைக்காவிட்டால் வகுப்பில் பழைய பாடத்தையே திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும்.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல வாசிப்பாளராக இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

சாவி கிடைத்த நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் முதல் வருடம் எனக்கு ஆன செலவு: 22 வகுப்புக்கு 660, சர்ச்சுக்கு 450 போல, ஷூ 55, கண்ணாடி 90, புத்தகம் 40. ஏறக்குறைய 1,300 பவுண்ட்.

5. கண்ணாடி, ஷூ, பெஞ்ச்

கண்ணாடியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. ஆர்கனில் நோட் வைக்கும் பலகை கீபோர்டு வரிசைகளுக்கு மேலே, புத்தகம் படிக்கும் தூரத்தைவிடத் தள்ளி இருக்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகச் செய்த வெரிஃபோகல் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கீழ்ப்பகுதியில் தெளிவாகத் தெரிவது கை விரல், நோட் தெரிய வேண்டுமென்றால் முகவாயைத் தூக்க வேண்டும். நான் மூன்று மாதம் முகவாயைத் தூக்கியே வாசித்தேன், கழுத்து வலிக்கு ஆர்கனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மகள் டேப் கொண்டுவந்து கண்ணில் இருந்து பலகை வரை அளந்தாள், 74 சென்டிமீட்டர். அந்த எண்ணை எழுதிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போய், இந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு ஒற்றைப் பவர் கண்ணாடி வேண்டும் என்று கேட்டேன். அடுத்த வாரத்தில் கழுத்து வலி போய்விட்டது. உங்கள் ஆர்கனுக்கு நீங்களே அளந்துகொண்டு போங்கள். இங்கிலாந்தில் 60 வயதானவர்களுக்கு என்ஹெச்எஸ் கண் பரிசோதனை இலவசம். 40 தாண்டியவர்களுக்கு, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது குளுக்கோமா இருந்தாலும் இலவசம். கண்ணாடிக்கு மட்டும்தான் பணம்.

ஷூ: வெளியே போட்டு நடக்கும் ஷூவோடு பெடலைத் தொடாதீர்கள், மண் ஒட்டும், ரப்பர் அடி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். சாக்ஸோடும் வேண்டாம், குதிகால் உயரம் கிடைக்காது. அடி மெல்லிசாக, தோலில், பக்கவாட்டில் பிதுங்காமல், குதிகால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆர்கனுக்கென்றே செய்து விற்கிறார்கள். பால்ரூம் நடனத்துக்கு விற்கும் ஷூவும் அப்படியே பொருந்தும், நான் வாங்கியது அதுதான். பையில் தனியாக வைத்து எடுத்துப் போங்கள்.

பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானம் கிடையாது, கால் தரையில் ஊன்றாது, ஆகவே முழுப் பாரமும் இடுப்பில். 25 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி சர்ச்சை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். உயரம் சரியா என்று பார்க்க ஒரு வழி: கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், கால் பெடலின் மேல் லேசாகத் தொட்டு நிற்க வேண்டும், தானாக அழுத்தி ஒலி எழுந்தால் பெஞ்ச் தாழ்வு. பெஞ்சுக்கு அடியில் வைக்க மரக்கட்டைகள் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும்.

6. முதல் ஆறு மாதம் எப்படிப் பழகுவது

ஸ்வெல் என்ற மேல் வரிசையில் ஸ்டாப்ட் டயபேசன் 8 ஒன்றை மட்டும் இழுத்துக்கொண்டு பழகுங்கள். மென்மையான ஒலி, தப்பெல்லாம் தெளிவாகக் கேட்கும், காதும் களைக்காது. எல்லா ஸ்டாப்பையும் இழுத்து வாசித்துப் பார்க்கும் ஆசை வரும். கடைசி ஐந்து நிமிடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

காலைப் பார்க்காமல் பெடல் கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம். கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டமாக நிற்கும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே அகலமான இடைவெளி. கால் பெருவிரலை மெல்ல முன்னால் நகர்த்தி அந்த இடைவெளியைத் தொட்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். முழங்கால்களை ஒட்டி வைத்து, தொடையைத் தூக்காமல் கணுக்காலால் மட்டும் அழுத்துங்கள். ஒரு மணி நேரப் பழக்கத்தில் முதல் 15 நிமிடம் இதற்கே போகட்டும், குறைந்தது மூன்று மாதம்.

அப்புறம் பாட்டு. நான்கு குரல் எழுதிய பாட்டில் சோப்ரானோவும் ஆல்டோவும் வலது கைக்கு, டெனர் இடது கைக்கு, பேஸ் காலுக்கு. சொல்ல எளிது. பியானோ வாசித்த இடது கை பேஸை விடாது, கால் கீழே போகும்போது அதுவும் கூடவே இறங்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: இடது கையும் காலும் மட்டும், வலது கை மடியில், நத்தை வேகத்தில். அப்புறம் வலது கையும் காலும். அப்புறம் இரண்டு கையும். மூன்றையும் சேர்ப்பது கடைசி நாள். ஒரு வாரத்துக்கு நான்கு வரிப் பாட்டில் இரண்டு வரி சேர்ந்தால் போதும்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஊரில் பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்தில் பாடி வளர்ந்தவர்களுக்கு இங்கே பாடும் ட்யூன்களில் ஏராளம் ஏற்கெனவே மனப்பாடம், வார்த்தைதான் வேறு. முதல் பாட்டாக ஓல்ட் ஹன்ட்ரத் என்ற ட்யூனை எடுத்துக்கொள்ளுங்கள், ஜி மேஜர், மெதுவான நடை, ஒரு நோட்டுக்கு ஒரு அசை. எனக்கு அதைக் காலோடு சேர்த்து நிற்காமல் வாசிக்க ஐந்து மாதம் ஆனது.

7. வீட்டுக்கு ஆர்கன் வாங்குவது

ஒரு வருடம் பழகிய பிறகு யோசியுங்கள். நான் முதலில் வாங்கியது 13 சின்னப் பெடல் உள்ள பழைய வீட்டு ஆர்கன், ரிதம் பட்டன், மினுமினுக்கும் விளக்கு எல்லாம் இருந்தது. விற்றவர் இதில் சர்ச் இசை பழகலாம் என்று சொன்னார், நம்பிவிட்டேன். பெடல் ஒரு ஸ்தாயிதான், அதுவும் இடது காலுக்கு மட்டும், அதில் வந்த பழக்கத்தை அழிக்கவே தனியாக உழைக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி ஆர்கனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், திருப்பிக் கொடுக்க ஆள் கிடைக்காது, அப்புறப்படுத்தவும் பணம் கட்ட வேண்டும்.

கேட்க வேண்டியது: 30 அல்லது 32 கட்டை கொண்ட முழுப் பெடல் வரிசை, நடுவில் குழிந்து விசிறிபோல் விரிந்தது, இரண்டு முழுக் கீபோர்டு வரிசை. வைகவுன்ட், ஆலன், ஜோஹானஸ் போன்ற டிஜிட்டல் ஆர்கன்கள் பழையது என்றால் ஆயிரத்தில் இருந்து மூவாயிரம் பவுண்டுக்குள் அமையும், புதியது அதைவிடப் பல மடங்கு. கம்ப்யூட்டரில் கை பழகியவர்களுக்கு மிடி பெடலும் கீபோர்டும் வாங்கி கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருளோடு இணைப்பது இன்னொரு வழி. எதுவானாலும் வாங்கும் முன் வாசல், மாடிப்படித் திருப்பம், அறைக் கதவு மூன்றையும் அளந்துவிடுங்கள். ஆள் வைத்துத் தூக்கும் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காக ஹெட்ஃபோன் போட்டு வாசித்தாலும் பெடல் தட்டும் ஓசை கீழ்வீட்டுக்கு இறங்கும், அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும்.

8. பரீட்சை வேண்டுமா

கட்டாயம் இல்லை. தேதி ஒன்று முன்னால் நின்றால்தான் பழகுவேன் என்பவர்களுக்கு நல்லது. ஏபிஆர்எஸ்எம் என்ற இசைப் பரீட்சை அமைப்பின் ஆர்கன் பரீட்சையில் 8 கிரேடு உண்டு, வயது வரம்பு இல்லை, ஒன்றில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. 150க்கு 100 எடுத்தால் பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். கவனிக்க வேண்டியது ஒன்று: கிரேடு 6க்குப் போகும் முன் கிரேடு 5 தியரியோ, அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறு பரீட்சையோ பாஸ் செய்திருக்க வேண்டும். இது தெரியாமல் கிரேடு 6 பாட்டுகளை ஆறு மாதம் தயார் செய்துவிட்டுப் பதிவு செய்யும் நாளில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தியரியை வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம், 75க்கு 50 பாஸ். ஆர்கனை நேரில் வாசிக்கும் பரீட்சைக்கு எந்த சர்ச்சில் வாசிப்பது என்பதைப் பதிவுக்கு முன்பே ஆசிரியரோடு பேசி, அந்த நாளுக்கு சர்ச்சைச் சொல்லிவையுங்கள்.

9. முதல் ஆராதனையும் பணமும்

எனக்கு ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆனபோது வழக்கமானவருக்குக் காய்ச்சல், வெள்ளி இரவு கூப்பிட்டார்கள். நான்கு பாட்டு. மூன்றைக் கையால் மட்டும் வாசித்தேன், ஒன்றைத்தான் காலோடு. கையால் மட்டும் வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை, தடுமாறாமல் நடை பிடித்தால் சபை பாடிவிடும். எத்தனை சரணம் என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி முன்னால் ஒட்டுங்கள், வாசிக்கும்போது எண்ணிக்கை மறந்துபோகும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே மூச்சுவிட விடும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கட்டும். இடையில் தப்பு விழுந்தால் நிறுத்தாதீர்கள், திரும்பப் போகாதீர்கள்.

கைமாறாகப் பணம் கொடுத்தால், விசாவில் இருப்பவர்கள் வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, ஒரு கல்யாணத்துக்கு வாசித்துக் கவர் வாங்குவதும் அதில் வரும். வொர்க் விசாக்காரர்களும் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம். அந்தத் தடை இல்லாதவர்களுக்கு, இப்படித் தனியாக வரும் தொகை வரி வருடத்தில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, மொத்தம் 1,000 பவுண்டுக்குள் இருந்தால் பொதுவாக வரி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை, தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். சபை உங்களைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. நான் தேதி, சர்ச், தொகை மூன்றையும் பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிவைக்கிறேன்.